இடது பக்கம்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது.
காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில்
வாடகை தராத குடித்தனக்காரன்போல் இருக்கிறது.
இதயம் தடம் புரண்டால்
ஒரு மின்னடி கொடுத்து மீட்டுவிடும் என்றார் டாக்டர்.
தடம் என்ற சொல்லை எனக்காகத்தான் தேடியிருப்பார்:
லியெபாயா நகரத்தில் இருபத்தாறு வருஷம்
டிராம் ஓட்டியவன் நான்.

அது அடித்தது ஒரே ஒரு முறை.
நவம்பர், ஞாயிறு, நாலரை மணிக்கே இருட்டு.
உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன்.
உள்ளேயிருந்து ஒரு குதிரை உதைத்தது.
கத்தி எங்கோ பறந்தது.
கிழங்கு மட்டும் கையிலேயே இருந்ததாம்,
விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தாளாம் மிர்ட்சா.

பெட்டியைச் சோதித்தார்கள். நன்றாக வேலை செய்திருக்கிறது.
"உயிர் தப்பினீர்கள் மோத்ரிஸ், வாழ்த்துகள்."
வாழ்த்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து
உருளைக்கிழங்கு தொடுவதை நிறுத்தினேன்.
பிறகு சமையலறையை.
பிறகு மாடிப்படி, குளியலறைத் தாழ்ப்பாள்,
பனி தள்ளும் மண்வாரி,
ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம்.
என் இடது தோளில் முப்பது வருஷமாக
மிர்ட்சாவின் தலை ஒரு குழி வைத்திருந்தது.
அவளை வலப்பக்கம் படுக்கச் சொன்னேன்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிவந்தாள்.
அந்த ஆறு எட்டு நடை
இன்னும் காதில் இருக்கிறது.

தூக்கத்தில் அடிக்கிறது.
போய்க் கருவியின் பதிவைப் பார்க்கச் சொன்னால்
அடிக்கவே இல்லை என்கிறார்கள்.
அடிக்காத அடிக்கு எங்கே மருந்து?

இதயப் பிரிவுக்கு இரண்டு கதவு தள்ளி
விஸ்மாவின் அறை.
"எனக்குப் பைத்தியம் இல்லை"
என்பதுதான் நான் அவளிடம் சொன்ன முதல் வாக்கியம்.
"தெரியும். கோட்டைக் கழற்றி மாட்டுங்கள்."
எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.
எதையெல்லாம் செய்வதில்லை என்று கேட்டாள்.
எழுதினாள். பக்கம் திருப்பி எழுதினாள்.
நெஞ்சு தாங்கவில்லை என்றேன்.
டாக்டராக இருந்தால் ஸ்டெதஸ்கோப்பை எடுத்திருப்பார்.
இவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

நாலாவது சந்திப்பில், மேஜைமேல்
ஒரு கிண்ணம் தண்ணீர், கத்தி,
மண் ஒட்டிய மூன்று கிழங்கு.
சூடு கண்ட பூனை நான்;
அடுப்பையே அறைக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

"பத்துக்குப் பயம் எத்தனை?"
"ஒன்பது."
முதல் கிழங்கைச் சீவினேனா, செதுக்கினேனா,
பாதி தோலோடு போயிற்று.
"இப்போது?"
"ஒன்பதேதான்."
"சரி" என்று இரண்டாவதை நீட்டினாள்.
இதயம் ஓடியது. ஓடட்டும் என்றாள்.
வேகம் வேறு, தடம் புரள்வது வேறு,
உங்களைவிட யாருக்குத் தெரியும்?
இனிமேல் அடிக்காதா என்று கேட்டேன்.
அந்தப் பொய்யை அவள் சொல்லவில்லை.
"அடிக்கலாம். அன்றைக்குக் கையில் வேறு ஏதாவது இருக்கும்."
மூன்றாவதில் தோல்
நீளமாக, அறுபடாமல் விழுந்தது.
ஆறு என்றேன். யோசித்து, ஐந்தரை என்றேன்.
அந்த அரைக்குச் சிரித்தோம்.
சிரித்தால் பெட்டி என்ன நினைக்கும் என்று
ஒரு கணம் நிறுத்தி,
மறுபடியும்.

சீவிய கிழங்கை என்ன செய்வதென்று
எந்த மருத்துவ நூலிலும் இல்லைபோலிருக்கிறது.
பையில் போட்டுக் கொடுத்தாள்.
டிராமில் பயணியாக உட்கார்ந்தேன்.
கடற்காற்று மணலை வாரி ஜன்னலில் எறிந்தது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் வலதுகால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.
இதை அவளிடம் சொல்லவே இல்லை,
அடுத்த முறை சொல்ல வேண்டும்.

மிர்ட்சா பையைத் திறந்தாள்.
"யார் இப்படிக் குதறியது?"
"நான்."
கொஞ்ச நேரம் பையையே பார்த்தாள்.
நான் விட்ட தோலைச் சுரண்டி, கொதிநீரில் போட்டாள்.
உப்பு கூடிப்போயிற்று, இருவருமே சொல்லவில்லை.

இன்றைக்கும் வலப்பக்கம்தான் படுத்திருக்கிறாள்.
பட்டியலில் அது பன்னிரண்டாவது.
முடித்திருப்பது ஒன்று,
அதுவும் ஐந்தரையில் நிற்கிறது.